40 கிலோபைட் தரும் பாடம்

பழைய வீடியோ கேம் சேகரிப்புக்குச் சொந்தமாக இணையதளம் அமைப்பது சுலபம். அது எல்லோருக்கும் திறக்கவேண்டும், பல ஆண்டுகள் நிலைக்கவேண்டும் என்றால் அலங்காரத்தைக் குறைப்பதுதான் வழி.

மீசைக்கார மரியோ ஓடி, குதித்து, ஆமைகளை மிதித்து, குழாய்களுக்குள் இறங்கி, கடைசியில் இளவரசியை மீட்கும் அந்த முழு சாகசத்தின் எடை வெறும் 40 கிலோபைட். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1985ல் வெளியிட்ட சூப்பர் மரியோ பிரதர்ஸ் விளையாட்டின் 32 கட்டங்கள், இசை, எதிரிகள், மேகங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். அந்தக் கேசட்டை மேஜைமீது வைத்து மொபைல் போனில் ஒரு படம் எடுத்தால் அந்தப் படம் சாதாரணமாக 3 அல்லது 4 மெகாபைட் வரும். விளையாட்டைவிட அதன் புகைப்படம் 75 முதல் 100 மடங்கு கனம்.

பழைய கேம்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஆர்வலர்கள் சொந்த இணையதளம் தொடங்கும்போது இடறி விழும் இடம் இதுதான். முகப்பில் மின்னும் எழுத்துகள், கேட்காமலே ஒலிக்கும் இசை, கறுப்புப் பின்னணியில் கருஞ்சிவப்பு வரிகள், சுருக்கப்படாத நூறு புகைப்படங்கள். பார்ப்பதற்கு 1980களின் வீடியோ கேம் பார்லர் போலவே இருக்கும். ஆனால் சிக்னல் பலவீனமான ஊரில் பக்கம் திறக்காது. வயதானவர் கண்ணுக்கு எழுத்து பிடிபடாது. பார்வையற்றவருக்குப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு அங்கே படிக்க எதுவுமே இருக்காது. சில ஆண்டுகளில் தளத்தைத் தாங்கிநிற்கும் தொழில்நுட்பம் காலாவதியானால் உழைப்பு மொத்தமும் வீண்.

தனிமனிதரின் பொழுதுபோக்குதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவைப் பொறுத்தவரை இந்த விளையாட்டுகளின் வரலாறு பெரும்பாலும் தனிமனிதர்களின் பரண்களில்தான் இருக்கிறது.

பரணில் கிடக்கும் வரலாறு

நின்டெண்டோவின் ஃபேமிகாம் 1983 ஜூலையில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இந்தியக் கடைகளில் அது சாமுராய் என்ற பெயரில் விற்றது. கூடவே லிட்டில் மாஸ்டர் போன்ற நகல் இயந்திரங்களும் வந்து குவிந்தன. 1990களில் வளர்ந்த குழந்தைகளுக்கு அது 'டிவி கேம்'. உள்ளே செருகும் கார்ட்ரிட்ஜ் 'கேசட்'. ஓடாவிட்டால் கேசட்டை வெளியே எடுத்து வாயால் ஊதி மறுபடியும் செருகுவது டில்லி முதல் தூத்துக்குடிவரை பொதுவான வைத்தியம். செகாவின் மெகா டிரைவ் அதிகாரபூர்வமாக இந்தியாவுக்கு வந்தது 1995ல். மது வியாபாரத்தில் பெயர்பெற்ற ஷா வாலஸ் நிறுவனம் அதை விற்றது. விலை ரூ. 18,000. நடுத்தரக் குடும்பங்கள் நகல் இயந்திரங்களை நாடியதில் வியப்பில்லை.

நகல் கேசட்டுகளில் பலவற்றில் தயாரித்தவர் பெயர் கிடையாது, ஆண்டு கிடையாது. லேபிளில் '9999999 இன் 1' என்று இருக்கும். உள்ளே இருப்பதோ ஐந்தாறு விளையாட்டுகள். அவையே வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். எந்தக் கேசட்டில் உண்மையில் என்ன இருந்தது, எந்த ஊரில் என்ன விலைக்கு விற்றது என்பதற்கு அந்தக் கேசட், அதன் அட்டைப்பெட்டி, அதிர்ஷ்டமிருந்தால் ஒரு கடை ரசீது, இவைதான் சாட்சி.

பணக்கார நாடுகளிலும் நிலைமை பெருமைப்படும்படி இல்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. பொருளும் காத்திருப்பதில்லை. விளையாட்டின் நிலையைச் சேமித்து வைக்கும் கேசட்டுகளுக்குள் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்தால் சேமிப்பு அழியும். இயந்திரத்துக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் கசியும். லேபிள் உரியும். ஆகவே இந்தச் சேகரிப்புகளைப் பற்றிய நம்பகமான பட்டியல் ஒவ்வொன்றும் ஓர் ஆவணம்தான்.

முதலில் பட்டியல்

இணையதளம் என்றதும் நிறத்தையும் வடிவத்தையும் தேர்ந்தெடுப்பதில் இறங்குவது வழக்கம். வேலை தொடங்கவேண்டிய இடம் வேறு. சேகரிப்பிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி என்று முதலில் ஓர் அட்டவணை தேவை. லேபிளில் உள்ள பெயர், உள்ளே உண்மையில் இருக்கும் விளையாட்டு, தயாரித்த நிறுவனம், வெளியான ஆண்டு, எந்த இயந்திரத்தில் ஓடும், அசலா நகலா, இப்போது ஓடுகிறதா, எங்கே எப்போது வாங்கியது, பெட்டியும் கையேடும் உண்டா என்ற ஒன்பது கேள்விகளுக்கு விடை இருந்தால் போதும். தெரியாத இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதுவதே நேர்மை. ஊகத்தை உண்மைபோல எழுதிவிட்டால் அதைப் பத்துப் பேர் பிரதி எடுப்பார்கள். பிறகு அதைத் திருத்த முடியாது.

சின்ன விவரங்கள்தான் பிற்காலத்தில் கைகொடுக்கும். உதாரணத்துக்கு, ஜப்பானிய ஃபேமிகாம் கேசட்டில் 60 இணைப்பு முனைகள். அமெரிக்காவில் விற்ற அதே நிறுவனத்தின் என்.இ.எஸ். கேசட்டில் 72. இந்தியாவில் புழங்கிய நகல் கேசட்டுகள் 60 முனை வகையைச் சேர்ந்தவை. அந்த ஒரு எண்ணே கேசட்டின் பிறப்பிடம் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

இந்த அட்டவணையைச் சாதாரண எழுத்துக் கோப்பாக, காற்புள்ளியால் பிரித்த சி.எஸ்.வி. வடிவில் வைத்துக்கொள்வது நல்லது. எந்தக் கம்ப்யூட்டரிலும், எந்த விரிதாள் மென்பொருளிலும் அது திறக்கும். தளம் நாளை போனாலும் பட்டியல் கையில் இருக்கும். தளம் என்பது இந்தப் பட்டியலுக்கு மாட்டும் சட்டை. சட்டையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

நான்கு வகைப் பக்கங்கள்

அறுபது கேசட்டுகளும் இரண்டு இயந்திரங்களும் உள்ள ஒரு சேகரிப்பை எடுத்துக்கொள்வோம். அதற்கு நான்கு வகைப் பக்கங்கள் போதும். இது யாருடைய சேகரிப்பு, இதில் என்ன இருக்கிறது என்று நான்கு வரியில் சொல்லும் முகப்பு. முழுப் பட்டியல். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு தனிப் பக்கம். கடைசியாக, தளத்தைப் பற்றிய குறிப்பும் தொடர்புகொள்ள ஒரு மின்னஞ்சலும். எந்தப் பக்கத்திலிருந்தும் முகப்புக்கும் பட்டியலுக்கும் திரும்பும் இணைப்பு ஒரே இடத்தில் இருக்கவேண்டும்.

தனிப் பக்கங்கள் அறுபதும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருப்பது நல்லது. இதற்கு முன்னோடி மரியோவேதான். அந்த விளையாட்டில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே உருவம். நிறம் மட்டும் வேறு. நினைவகம் போதாத காலத்தில் நின்டெண்டோவின் வடிவமைப்பாளர்கள் கண்ட தந்திரம் அது. தளத்திலும் ஒரு வடிவத்தைச் செய்துவிட்டு விவரத்தை மட்டும் மாற்றினால் வேலை பாதியாகும். ஒரு பக்கத்தைப் பார்த்துப் பழகிய வாசகருக்கு மற்ற 59 பக்கங்களில் எது எங்கே இருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

இந்தப் பக்கங்களை எழுத எச்.டி.எம்.எல். என்ற அடிப்படைக் குறிமொழியும், நிறத்தையும் இடைவெளியையும் கவனிக்கும் ஒரு சிறிய சி.எஸ்.எஸ். கோப்பும் போதும். இரண்டையும் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். தரவுத்தளம், கடவுச்சொல், மாதந்தோறும் புதுப்பிக்கவேண்டிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஊடுருவுபவர்கள் உடைக்கக் கதவும் இல்லை.

எடைக் கணக்கும் சாதகமானது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். அப்படியிருந்தும் அறுபது கேசட்டுகளின் பட்டியல், படமில்லாமல் எழுத்தாக மட்டும் இருந்தால், 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அதாவது ஒரு மரியோ. இன்றைய சராசரி இணையப் பக்கம் 2 மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. ஐம்பது மரியோக்களுக்குச் சமம்.

படங்களை விட்டுவிடவும் முடியாது. சேகரிப்பின் உயிரே அவைதான். அகலத்தை ஆயிரம் புள்ளிகளுக்குக் குறைத்து, ஜேபெக் அல்லது வெப்பி வடிவில் சுருக்கினால் படம் ஒன்று 100 கிலோபைட் அளவுக்கு வரும். லேபிளின் எழுத்து அப்போதும் தெளிவாகத் தெரியும். பெரிய மூலப் படத்தைத் தனியாகச் சேமித்து வைக்கலாம். படத்தைப் பகலில், ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே நிறத் துணிமீது வைத்து எடுத்தால் விலையுயர்ந்த கேமரா தேவைப்படாது. முன்பக்கம், பின்பக்கம், இணைப்பு முனைகள் என்று மூன்று கோணங்கள் போதும்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு சோதனை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத் திறனாளிகள் 2.68 கோடி. அவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சம் பேர். சிறுவயதில் கான்ட்ரா விளையாடிவிட்டுப் பின்னாளில் பார்வை இழந்தவர்களும் இதில் இருக்கக்கூடும். திரையிலுள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் அவர்களுக்கு இணையத்தின் கதவைத் திறந்திருக்கின்றன. என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசம். ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக் என்ற வசதி உண்டு. ஆனால் இவை பெரும்பாலும் படிப்பது எழுத்தைத்தான். லேபிள் படத்துக்கு எழுத்து வடிவில் விளக்கம் இல்லையென்றால் அவர்களுக்குக் கேட்பது 'படம்' என்ற ஒற்றைச் சொல், அல்லது கேமரா கொடுத்த அர்த்தமற்ற கோப்புப் பெயர்.

ஒவ்வொரு படத்தோடும் மாற்று உரை என்ற ஒரு வரியைச் சேர்த்தால் பிரச்னை தீர்ந்தது. 'கேசட் படம்' என்று எழுதினால் பயனில்லை. 'மஞ்சள் நிறக் கேசட், லேபிளில் 64 இன் 1 என்ற எழுத்து, வலது மூலை கிழிந்திருக்கிறது' என்று எழுதினால் பார்க்காதவருக்கும் பொருள் கைக்கு வந்துவிடும். படம் தரவிறங்காத மெதுவான இணைப்பிலும் இதே வரிதான் உதவும். தேடுபொறிகளும் இதைப் படிக்கின்றன.

தலைப்பைப் பெரிய எழுத்தாக்கி ஏமாற்றாமல், தலைப்பு என்றே குறிமொழியில் குறிக்கவேண்டும். அப்போதுதான் குரல் மென்பொருள் ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவ முடியும். அட்டவணையில் எது பெயர்ப் பத்தி, எது ஆண்டுப் பத்தி என்று மேல்வரிசையில் அறிவிக்கவேண்டும். 'இங்கே சொடுக்கவும்' என்ற இணைப்பு அறுபது முறை வந்தால் காதால் கேட்பவருக்கு எது எதற்கென்று தெரியாது. இணைப்பில் விளையாட்டின் பெயரே இருக்கட்டும். மவுஸ் பிடிக்க முடியாதவர்களுக்காக, விசைப்பலகையின் டேப் விசையால் மட்டுமே தளம் முழுவதும் சுற்றிவர முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நிறத்துக்கும் அளவுகோல் இருக்கிறது. உலகளாவிய வெப் கூட்டமைப்பு 1999ல் முதன்முறை வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதல்களின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்கவேண்டும் என்பது அதன் விதி. வெள்ளைமீது கறுப்பு என்றால் 21க்கு 1. பழைய கேம் தளங்களின் செல்லமான கறுப்பின்மேல் கருஞ்சிவப்பு 4.5க்கு 1ஐ எட்டாது. எழுத்தை இருமடங்கு பெரிதாக்கினாலும் பக்கம் உடையக்கூடாது என்பது மற்றொரு விதி.

மின்னல் விளைவுகளைப் பற்றிய விதி அழகியல் சார்ந்ததல்ல, ஆரோக்கியம் சார்ந்தது. ஒரு விநாடியில் மூன்று முறைக்குமேல் எதுவும் பளிச்சிடக்கூடாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒளிபரப்பான போகேமான் கார்ட்டூனின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் மாறிமாறிப் பளிச்சிட்டதில், பார்த்துக்கொண்டிருந்தவர்களில் 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பெரும்பாலும் குழந்தைகள்.

பெரிய நிறுவனங்களே இந்த விஷயத்தில் கோட்டை விடுகின்றன. உலகின் பத்து லட்சம் முன்னணித் தளங்களின் முகப்புகளை ஆண்டுதோறும் சோதிக்கும் அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு, 2025ல் அவற்றில் 94.8 சதவீதத்தில் அணுகல் பிழைகளைக் கண்டது. மிகப் பரவலான பிழை மங்கிய எழுத்து. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் அங்கம் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கி போன்ற இடங்களில் வாடிக்கையாளரை அடையாளம் காணும் மின்னணு நடைமுறை தொடர்பான வழக்கு அது. பொழுதுபோக்குத் தளம் பற்றியதல்ல. ஆனாலும் கோடிக்கணக்கில் செலவழிக்கும் நிறுவனங்களால் இன்னும் முடியாததை, அறுபது கேசட் வைத்திருப்பவர் ஒரு வார இறுதியில் செய்துவிட முடியும். அவரிடம் சரிசெய்ய வேண்டியது குறைவு என்பதே காரணம்.

எழுத்து எழுத்தாகவே

தமிழ், இந்தி, வங்காளம் என்று இந்திய மொழிகளில் தளம் அமைப்பவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. 1990களின் இறுதியில் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. குறிப்பிட்ட எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பக்கம் முழுவதும் புரியாத குறிகளாகத் தெரியும். யூனிகோட் பரவலான பிறகே அந்தத் தலைவலி தீர்ந்தது. இன்று தமிழை யூனிகோடில் எழுதி, பக்கத்தின் மொழி தமிழ் என்று ஒரு சொல்லில் அறிவித்தால் குரல் மென்பொருள் தமிழ்க் குரலுக்கு மாறிக்கொள்ளும். தலைப்பை அழகுக்காகப் படமாக வரைந்து ஒட்டினால் இந்த நன்மைகள் எல்லாம் போய்விடும்.

கட்டம் கட்டமான பழைய கேம் எழுத்துருவின் மோகத்தையும் அடக்கவேண்டும். 8க்கு 8 கட்டத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் கச்சிதமாகப் பொருந்தும். 'ஞ', 'ணை', 'றூ' போன்றவை அதில் மூச்சுத் திணறும். தளத்தின் பெயரில் மட்டும் அந்த விளையாட்டை வைத்துக்கொண்டு, படிக்கவேண்டிய வரிகளைச் சாதாரண எழுத்தில் விட்டுவிடலாம்.

தொடக்கூடாதவை

சேகரிப்பைக் காட்டுவது வேறு; விளையாட்டையே பகிர்வது வேறு. கேசட்டின் உள்ளடக்கத்தைக் கோப்பாக எடுத்துத் தரவிறக்கத்துக்கு வைத்தால் அது பதிப்புரிமை மீறல். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமை இலக்கியப் படைப்பின் வரிசையில் வைக்கிறது. கடைகளில் கிடைக்காத பழைய விளையாட்டு என்பது சட்டத்தின்முன் சமாதானம் ஆகாது. அமெரிக்காவில் இப்படிக் கோப்புகளை வழங்கிய இரண்டு தளங்களின் உரிமையாளர்கள் 2018ல் நின்டெண்டோவுக்கு 1.2 கோடி டாலருக்குமேல் தரவேண்டும் என்று தீர்ப்பானது.

மற்றொரு ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. போனில் எடுத்த படத்துக்குள் அது எடுக்கப்பட்ட இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவாகியிருக்கலாம். விலைமதிப்புள்ள பொருள்களின் பட்டியலையும் அவை இருக்கும் வீட்டின் முகவரியையும் சேர்த்து வெளியிடுவது திருடனுக்கு அழைப்பிதழ் அச்சடிப்பதற்குச் சமம். படத்தைச் சுருக்கும்போதே அந்தத் தகவலையும் நீக்கிவிடவேண்டும்.

எது நிற்கும்?

அலங்காரத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள பகையை இணையத்தின் வரலாறே காட்டுகிறது. லட்சக்கணக்கான தனிநபர் தளங்களைத் தாங்கியிருந்த ஜியோசிட்டீஸ் 2009ல் மூடப்பட்டது. ஒரு காலத்தில் துள்ளும் முகப்புகளுக்கெல்லாம் அடிப்படையாக இருந்த ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அடோப் 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்தியது. அதை நம்பிக் கட்டிய பக்கங்கள் ஒரே நாளில் அனாதையாயின. ஆனால் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1991ல் தொடங்கிய உலகின் முதல் இணையதளத்தின் 1992ஆம் ஆண்டுப் பிரதி, அப்போது யாரும் கற்பனை செய்திராத இன்றைய மொபைல் போனிலும் ஒழுங்காகத் திறக்கிறது. அதில் இருப்பவை தலைப்பு, பத்தி, இணைப்பு. அவ்வளவுதான்.

சொந்தத் தளத்தை வைக்க இலவச இடங்கள் இருக்கின்றன. கிட்ஹப் பேஜஸ், நியோசிட்டீஸ் இரண்டும் இத்தகைய எளிய பக்கங்களை ஏற்கும். இலவச இடம் என்றாவது மூடப்படலாம் என்பதால் சொந்தப் பெயரில் ஒரு முகவரியைப் பதிவுசெய்வது புத்திசாலித்தனம். இந்தியாவின் '.இன்' முகவரிகள் 2005லிருந்து எவருக்கும் கிடைக்கின்றன. இடம் மாறினாலும் முகவரி மாறாது. தளத்தின் முழுப் பிரதி ஒன்று வீட்டிலும், மற்றொன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் இருப்பது நல்லது. சான்பிரான்சிஸ்கோவின் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பக்கங்களின் முகவரியைக் கொடுத்தால் அதுவும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும்.

கேசட்டுக்குள் இருக்கும் பேட்டரிக்கு இந்த வசதி கிடையாது. அது தீர்வதற்குள் லேபிளைப் படித்து, பெயரை எழுதி, ஓடுகிறதா என்று பார்த்து, ஒரு வரி குறித்து வைக்கவேண்டும். அறுபது கேசட் உள்ளவருக்கு அறுபது வரி. ஒரு மரியோவின் இடம்கூடத் தேவைப்படாது.